வகிட்டுக்காரர்

சிதம்பரம் மேலவீதியில் பூட்டிக் கிடந்த ஒரு சலூனின் பலகைக் கதவை சாமுவேல் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான். அன்று காலை அவன் தட்டிய ஆறாவது கதவு அது. பக்கத்துப் பூக்கடைக்காரர் நார் கிழித்தபடியே, "தட்டாத தம்பி. இன்னிக்கி செவ்வாக்கெழம" என்றார்.

சாமுவேலுக்குச் செவ்வாய் தெரியும். எண்களையும் கிழமைகளையும் லாட்ஜில் நாங்கள் முதல் மாதமே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். செவ்வாய்க்கும் தலைமயிருக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"ஏன்?"

எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள முடியாத நிலைமையில் இருந்தேன். தோளைக் குலுக்கிவிட்டு, "வழக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

அப்போது நான் அண்ணாமலை நகரில் இரண்டாம் வருஷ மாணவன். சாமுவேல் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள ஒரு நாட்டிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே லாட்ஜில் அடுத்தடுத்த அறை. எங்களுக்குள் பேச்சு இங்கிலீஷில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். தமிழில் அவனுக்கு நன்றாக வந்த சொல் "மச்சான்". அதை அவன் வார்டனிடம்கூடச் சொல்லிவிட்டான்.

மறுநாள் புதன்கிழமை. அவன் நாட்டின் தலைவர் கொல்லப்பட்டு அன்றோடு ஒரு வருஷம். வெள்ளைக்காரர்களை வெளியேற்றிய தலைவர் அவர். பதவியில் உட்கார்ந்து நாற்காலி சூடேறுவதற்குள் அவரைத் தீர்த்துவிட்டார்கள். எங்கள் வட்டாரத்து லாட்ஜுகளில் இருந்த ஆறு ஆப்பிரிக்க மாணவர்களும் சேர்ந்து, எங்கள் லாட்ஜ் மாடியில் ஒரு நினைவுக் கூட்டம் போடுவதாக ஏற்பாடு. சாமுவேல்தான் முக்கியப் பேச்சாளன்.

இந்தத் தொடரில் அந்தத் தலைவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு வேறு ஒரு பெயர் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஒரு கோடு

சாமுவேலின் சட்டைப் பையில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு படம் இருந்தது. மூக்குக்கண்ணாடி இல்லை, மீசை இல்லை. சிரிக்கப் போகிறாரா, சண்டைக்கு வரப் போகிறாரா என்று சொல்ல முடியாத முகம். தலையின் இடப்பக்கம் ஒரு வகிடு.

சுருண்டு இறுகிய அந்த முடியில் சீப்பால் வகிடு எடுக்க முடியாது. கத்தியால் மழித்துத்தான் எடுக்க வேண்டும். வயலில் வரப்பு போட்ட மாதிரி ஒரு கோடு. அவர் நாட்டு இளைஞர்கள் எல்லாம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டார்களாம். அவரைக் கொன்ற பிறகு, அந்தக் கோடு இருந்தாலே சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போனார்களாம். அப்படியும் போட்டுக்கொண்டார்களாம்.

அதனால் கூட்டத்துக்கு ஆறு பேரும் அந்த வகிட்டோடுதான் வர வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். சாமுவேல் வகுப்போடு மைசூர் சுற்றுலா போய்விட்டுத் திங்கட்கிழமை ராத்திரிதான் திரும்பினான். மற்ற ஐந்து பேருக்கும் அவன்தான் ஆள் பிடித்துத் தர வேண்டும். திறந்திருந்த நாட்களிலேயே சிதம்பரத்துச் சலூன்களில் அவர்களுக்கு நல்ல அனுபவம் கிடையாது. "இந்த முடிக்கு நம்ம மெஷின் ஓடாதுப்பா" என்று ஒருவர் கையை விரித்திருந்தார். மறுநாள் திறந்ததும் போய், இன்னொருவரும் அப்படியே சொல்லிவிட்டால் வேறு ஆள் தேட நேரம் இருக்காது.

பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே சாமுவேல் சொன்னான்: "சரி, நானே பிளேடால் போட்டுக்கொள்கிறேன்."

பிளேடு என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வேண்டாம். அந்த முடிக்கு பிளேடு ஆகாது. தோலைக் கீறிவிடும். முதலில் தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். கத்தியைத் தோல்பட்டையில் நன்றாகத் தீட்ட வேண்டும். கத்தியைப் படுக்கவைத்துப் பிடித்து, நெற்றியிலிருந்து பின்னால் இழுக்க வேண்டும்."

சாமுவேல் என்னையே பார்த்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

பூக்கடைக்காரரும் நார் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்பளக் கடை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் லாட்ஜில் சேர்ந்த முதல் நாள் என் அறைத் தோழன் சிகாமணி, "ஒங்கப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டான். அவன் குமராட்சிப் பக்கத்து மிராசுதார் வீட்டுப் பிள்ளை. நல்லவன். ஆனால் ஒருவரைப் பார்த்ததும் எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் சாப்பிட முடியாது.

"கடலூர்ல கடை வச்சிருக்காரு" என்றேன்.

பொய் இல்லை. கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு கடை உண்டு. இரண்டு நாற்காலி, எதிரெதிரே இரண்டு கண்ணாடி, ஒரு தண்ணீர்ச் செம்பு, ஒரு படிகாரக் கட்டி. முடிவெட்டும் கடை.

"மளிகையா?" என்றான்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஓர் ஆட்டல்.

"அப்ப ஊருக்குப் போனா அப்பளம் எடுத்தாடா. மெஸ்ல போடுறது அப்பளமா அது, அட்டை."

அன்று பிடித்தது அந்த அப்பளச் சனி. ஒவ்வொரு முறை ஊரிலிருந்து திரும்பும்போதும் ஓ.டி. கடைத்தெருவில் ஒரு கட்டு அப்பளம் வாங்கி, அதன் மேலே ஒட்டியிருக்கும் கடைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொண்டுபோவேன். சிகாமணி அதை மெஸ்ஸில் பொரிக்கக் கொடுத்து, நாலு பேருக்குப் பங்கிட்டு, "இவுங்க கடை அப்பளம்டா, எப்பிடி எழும்புது பாரு" என்று பெருமை அடிப்பான். நான் குனிந்து சாம்பாரைப் பிசைவேன்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போனாலும் கொல்லைப் பக்கமாகத்தான் போவார். நான் முன்வாசல் வழியாகப் போக வேண்டும் என்றுதான் என்னைப் படிக்கவைத்தார். முன்வாசலில் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம், அவரை வெளியே நிறுத்தியது. "லாட்ஜப் பாக்க வரட்டுமாடா?" என்று இரண்டு தடவை கேட்டார். "ரொம்ப தூரம்பா. ஒக்கார எடம்கூட இல்ல" என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

எழுதும்போது கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

பாசஞ்சர் வண்டி

பூக்கடையைத் தாண்டி வந்த பிறகு சாமுவேலிடம் உண்மையைச் சொன்னேன். கடலூருக்குப் போகலாம், எங்கப்பா செய்வார். ஆனால் லாட்ஜில் யாரிடமும் சொல்லக்கூடாது.

"ஏன்? உன் அப்பா திருடரா?"

"இல்லை."

"குடித்துவிட்டு அடிப்பாரா?"

"சேச்சே."

"பிறகு?"

 "சத்தியம் பண்ணு" என்றேன். தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணுவது எப்படி என்று காட்டினேன். அவன் என் தலையில் கைவைத்து, "மச்சான், சத்தியம்" என்றான்.

மத்தியானப் பாசஞ்சரில் ஏறினோம். பரங்கிப்பேட்டையைத் தாண்டியதும் உப்புக் காற்று அடித்தது. ஆலப்பாக்கத்தில் ஏறிய குழந்தை ஒன்று சாமுவேலின் தலையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு அழுதது. அவன் குனிந்து கொடுத்தான். அது தொட்டுப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்திக்கொண்டது.

அப்போதுதான் அந்தத் தலைவரைப் பற்றிச் சொன்னான்.

தலைவர் எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும் முதலில் தன் அப்பாவின் தொழிலைத்தான் சொல்வாராம். அவர் அப்பா வெள்ளைக்கார அதிகாரிகளை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் சுமந்து காடு தாண்டியவர். அதைச் சொல்லிவிட்டு, "உங்கள் அப்பா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பாராம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த வேண்டும். தோணி ஓட்டுகிறவர், சமையற்காரர், சுரங்கத்தில் வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர். அந்தக் கூச்சலில் கூட்டம் பத்து நிமிஷம் தொடங்காதாம். கத்தி முடித்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்களாம்.

"என் அப்பா சைக்கிள் ரிப்பேர் பண்ணுகிறவர். நான் பத்து வயதில் அதைக் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது" என்றான் சாமுவேல்.

நான் ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கத்திக்கு லீவு

அப்பா கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு பிரசவம் பார்க்கப் போயிருந்தாள்.

"வாங்க தம்பி, வாங்க" என்று சாமுவேலை வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"செவ்வாக்கெழமைடா இன்னிக்கி. தெரியாதா ஒனக்கு? கத்திக்கு லீவு."

"தெரியும்பா. நாளைக்கி அவுங்களுக்கு கூட்டம்."

"கூட்டத்துக்கெல்லாம் கத்திய எடுக்க முடியுமா? எங்கப்பா காலத்துலேர்ந்து எடுத்ததில்ல."

நான் விடவில்லை. "கூட்டம்னா சாதாக் கூட்டம் இல்லப்பா. அவுங்க தலைவரு செத்துப் போயிட்டாரு. கொன்னுட்டாங்க. அதுக்காகத்தான் வெட்டிக்கணுங்கறான்."

அப்பா செம்பைக் கீழே வைத்தார்.

"சாவுக் காரியமா? அத மொதல்லயே சொல்ல வேண்டாமாடா? சாவுக்கு ஏது செவ்வாயி, வெள்ளி. தீவாளி அன்னிக்கி ஆளு வந்தாலும் பெட்டிய எடுத்துதான் ஆவணும்."

கைகால் கழுவிக்கொண்டு கடையைத் திறந்தார். சாமுவேலை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டைக் கட்டினார். நான் வெற்றி பெற்ற சந்தோஷத்தில் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கிவரக் கிளம்பிவிட்டேன். படம் சாமுவேலின் சட்டைப் பையில், துண்டுக்கு அடியில் இருந்தது. அதை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. செய்ய வேண்டியது என்ன என்று அப்பாவுக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்தோம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

பஜ்ஜிக் கடையில் கூட்டம். திரும்பி வர இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் நாற்காலியில் சாமுவேல் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மைசூர் அலைச்சல் ஒரு பக்கம். அதற்குமேல் அப்பா குளிர்ந்த தண்ணீரை விட்டு விரல் நுனியால் தலையைத் தேய்த்தால் யாராலும் கண் திறந்திருக்க முடியாது.

அவன் நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு ரோடு போயிருந்தது. கத்தி மறுபடியும் நெற்றிக்கு வந்துகொண்டிருந்தது.

"அப்பா!"

"ஏன்டா கத்துற, தம்பி தூங்குது."

"மொட்டை அடிக்கிறீங்களா?"

"பின்ன? தலைவருன்னா தகப்பன் மாதிரி. தகப்பன் செத்தா வேற இன்னா பண்ணுவாங்க?"

சாமுவேல் கண் விழித்தான். முன்னால் கண்ணாடி, பின்னால் கண்ணாடி. ஒன்றுக்குள் ஒன்றாக வரிசையாக முப்பது சாமுவேல்கள், முப்பது தலையிலும் நடு ரோடு. அவன் மெதுவாகத் துண்டுக்குள் கையை விட்டுப் படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினான்.

அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கோட்டைப் பார்த்தார். சாமுவேலின் தலையைப் பார்த்தார். வேலை பாதியில் இருக்கும்போது எங்கப்பா கத்தியை மடக்கி நான் பார்த்ததில்லை. அன்று கத்தியை மடக்கி வைத்துவிட்டார்.

"தப்புப் பண்ணிட்டேனே தம்பி."

மொட்டையின் அர்த்தத்தை நான் சாமுவேலுக்கு விளக்கினேன். அப்பா அம்மா செத்தால் மகன் செய்வது, வெளி ஆளுக்குச் செய்வதில்லை என்றேன். அவன் கண்ணாடியைப் பார்த்து அந்த ரோட்டைத் தடவினான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்று அப்பா பதறிப்போனார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உன் அப்பா வகிடுதான் எடுத்திருக்கிறார். பஸ் போகிற மாதிரி எடுத்துவிட்டார்" என்றான். பிறகு அப்பாவைப் பார்த்துத் தமிழில், "மச்சான், முடிங்க" என்றான்.

அப்பாவை மச்சான் என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

சந்தனம்

மழித்து முடித்ததும் அப்பா சந்தனம் அரைத்து அவன் தலை முழுக்கத் தடவினார். "குளுமையா இருக்கும் தம்பி." திரும்பும்போது ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் ஒருவர் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, "முடி காணிக்கையா? வேண்டுதலா?" என்று கேட்டார். சாமுவேல், "ஆமா" என்றான். "புள்ளைக்கி எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று வாழ்த்திவிட்டுப் பரங்கிப்பேட்டையில் இறங்கிப் போனார்.

ஆனால் எனக்குள் கலக்கம். மறுநாள் மற்ற ஐந்து பேரும் என்ன சொல்வார்கள்? அவர்களுக்கும் இன்னும் வகிடு போடவில்லை என்று அப்பாவிடமும் சொல்லியிருந்தேன். அப்பா வழியனுப்பும்போது படத்தை மட்டும், "இது இன்னிக்கி ராவு எங்கிட்ட இருக்கட்டுமா தம்பி?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை

காலை எட்டு மணி இருக்கும். லாட்ஜ் மாடி வராந்தாவில் நானும் சிகாமணியும் பல் துலக்கிக்கொண்டிருந்தோம். கீழே கேட்டில் வாட்ச்மேன் யாரையோ நிறுத்தி வைத்திருந்தான்.

வெளுத்த வேட்டி, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கையில் மரப்பெட்டி. அப்பா.

"யாரப் பாக்கணும்?"

"ஆப்பிரிக்கா தம்பிங்கள."

"அவுங்களுக்கு இன்னா?"

"முடி வெட்டணும். வரச் சொன்னாங்க."

அப்பா மேலே நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் வந்த வேலையை முடித்துவிட்டுப் போவதற்குத் தயாராகத்தான் அவர் வந்திருந்தார்.

சிகாமணி எட்டிப் பார்த்தான். "டேய், பார்பர் ஒருத்தன் வந்திருக்கான்டா. அவன மேல வரச் சொல்லு, நாமளும் வெட்டிக்கலாம்."

வாயில் பற்பொடி. துப்பிவிட்டுத்தான் பேச முடிந்தது.

"அவன்னு சொல்லாத. எங்கப்பா."

சிகாமணி என்னைப் பார்த்தான். கீழே பார்த்தான். மரப்பெட்டியைப் பார்த்தான். அவன் மண்டைக்குள் எந்தெந்தக் கதவெல்லாம் திறந்து மூடியது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவன் கேட்டது இது:

"அப்ப அந்த அப்பளம்?"

"கடைத்தெருவுல வாங்குனது."

வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பிறகு, "அப்பளம் நல்லாத்தான்டா இருந்துச்சி" என்றான்.

நான் படியில் இறங்கி ஓடினேன்.

நூலைப் பிடி

"நீ ஏன்டா வந்த? உள்ள போ" என்றார் அப்பா மெதுவாக. "நேத்து அந்தத் தம்பிக்கு வேல கெட்டுப்போச்சி. மத்த அஞ்சு பேருக்காவது ஒழுங்கா செஞ்சி குடுத்துட்டுப் போயிடுறேன்."

நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் விடவில்லை. இழுத்து வாங்கினேன். வாட்ச்மேன், "கொல்லப் பக்கமாப் போங்க" என்றான். "முன்னாடியே போறோம்" என்றேன். எனக்கு இந்த மாதிரி விறைப்பாகப் பேசிப் பழக்கமில்லை. குரல் கீச்சென்று வந்தது. ஆனால் அவன் வழி விட்டுவிட்டான்.

சாமுவேல் மற்ற ஐந்து பேரையும் கூட்டிவர, முன்பக்க வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டோம். அப்பா ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கொத்தனார் சுவர் எழுப்புவதற்கு நூல் பிடிப்பது மாதிரி, நெற்றி ஓரத்திலிருந்து பின்மண்டை வரைக்கும் ஒரு வெள்ளை நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த நூலை ஒட்டியே கத்தி போனால் கோடு பிசகாது. ஆனால் நூலைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

"நூலப் புடி" என்றார் என்னிடம்.

லாட்ஜ் முழுக்க வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நான் நூலைப் பிடித்தேன். கத்தி சர்ரென்று போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதல் கோடு முடிந்ததும் அப்பா கண்ணாடியைக் காட்டினார். அந்த மாணவன் தன் தலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு விசில் அடித்தான். வராந்தாவிலிருந்து பதில் விசில் வந்தது. மொட்டைத் தலையோடு சாமுவேல் சுற்றிச் சுற்றி வந்து, "நேராக இருக்கிறதா? நேராக இருக்கிறதா?" என்று மேற்பார்வை பார்த்தான்.

மொட்டையைப் பற்றி யாரும் அவனிடம் கோபப்படவில்லை. காரணத்தைக் கேட்டதும் அவர்களில் பெரியவன் ஒருவன் அவன் தலையில் முத்தம் கொடுத்தான்.

ஐந்தாவது தலை முடிந்து அப்பா கத்தியைத் துடைத்தபோது, சிகாமணி சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாமா, எனக்கும் அதே கோடு."

"ஒனக்கு வேணாம் தம்பி. ஒன் முடி படிஞ்ச முடி, சீப்பு போதும்."

"கத்தியிலதான் வேணும் மாமா."

அன்று அப்பா மத்தியானம் வரைக்கும் நிமிரவில்லை. பதினேழு பேர். எல்லாரும் உட்கார்ந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எங்களோடு தினம் சாப்பிடுகிற ஒருவன் வராந்தாவிலிருந்து உள்ளே போனவன் வரவில்லை. அன்றிலிருந்து மெஸ்ஸில் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டான். அவன் பங்கு அப்பளத்தையும் சேர்த்து நானே தின்றேன்.

மாடியில்

சாயங்காலம் மாடியில் ஜமக்காளம் விரித்துப் படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. மெஸ் சமையற்காரர்கள், பக்கத்து லாட்ஜ் மாணவர்கள், வாட்ச்மேன் எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பா பின்னால் கைப்பிடிச் சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சாமுவேல் இங்கிலீஷில் பேச, நான் தமிழில் சொன்னேன். தன் அப்பா சைக்கிள் ரிப்பேர்காரர் என்று தொடங்கினான். தலைவரின் வழக்கத்தைச் சொன்னான். பிறகு கையை உயர்த்தித் தமிழிலேயே கேட்டான்: "ஒங்க அப்பா?"

முதலில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சமையற்காரர், "நெல்லு அறுக்குறவரு" என்றார் தரையைப் பார்த்தபடி. "தபால்" என்றது ஒரு குரல். "தோணி!" "கணக்குப்பிள்ளை!" "லாரி!" அதற்குமேல் எது யாருடையது என்று தெரியவில்லை. கைதட்டிக்கொண்டு கத்தினார்கள். சிகாமணி எழுந்து நின்று, "எங்கப்பா சும்மாதான் இருக்காரு" என்று கத்தியதும் மாடியே அதிர்ந்தது. நான் சாமுவேலின் பக்கத்தில் நின்றபடி, "சலூன்!" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். எத்தனை தடவை என்று தெரியாது. எனக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

பின்னால் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டே வாட்ச்மேனிடம், "எங்கப்பனுக்கும் இதே தொழில்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கப்பாரு வண்டிமாடு" என்றான் வாட்ச்மேன்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா படத்தின் முன்னால் வந்து நின்றார். கும்பிட்டார். பிறகு குனிந்து மாலையை ஒதுக்கிவிட்டு அந்த வகிட்டை உற்றுப் பார்த்தார்.

"கோடு கொஞ்சம் கோணலா இருக்கே. நேத்து ராவே பாத்தேன். நடுவுல ஒரு வளைசல். இந்த வகிட்டுக்காரருக்கு வெட்டுனது யாரு தம்பி?"

நான் மொழிபெயர்த்தேன். சாமுவேல் மற்ற ஐந்து பேரையும் பார்த்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் போன இடம், பேசிய பேச்சு, அவரைக் கொன்றவர்கள் பெயர் எல்லாம் தெரியும். அவருக்கு முடி வெட்டியவர் யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஊருக்குப் போனா கேட்டுச் சொல்லு தம்பி" என்றார் அப்பா.

விமானத் தபால்

அதற்குப் பிறகு சில வருஷங்கள் போய்விட்டன. சாமுவேல் படிப்பை முடித்து, அந்தப் படத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். நான் கடலூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாக இருக்கிறேன். அந்தப் படம் இப்போது எங்கள் கடைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் யார் என்று கேட்டால், "வகிட்டுக்காரரு. ஆப்பிரிக்காவுல பெரிய தலைவரு" என்பார் அப்பா. துறைமுகத்து ஆட்கள் சிலர் அந்தக் கோட்டைக் கேட்டுப் போட்டுக்கொள்வதும் உண்டு.

போன மாதம் ஒரு நீலநிற விமானத் தபால் வந்தது. உறையில் பெயர்: கோவிந்தசாமி, பார்பர், கடலூர் ஓ.டி. தபால்காரர் அதை என்னிடம் கொடுக்காமல் நேரே அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அப்பா ஒரு தாடையில் சோப்பு நுரையோடு ஒருவரை நிறுத்திவிட்டு, "சத்தமாப் படிடா" என்றார்.

சாமுவேல் அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். தலைநகரத்துச் சந்தையில், மாமரத்தடியில் இன்னும் நாற்காலி போட்டுத் தொழில் செய்கிறார். கடல்தாண்டி ஒரு முடிவெட்டுகிறவர் உங்களைப் பற்றிக் கேட்கிறார் என்றதும் அவருக்கு நம்பிக்கையே வரவில்லையாம். கோணல் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாராம். "எத்தனையோ பேர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். அந்த வளைசலைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருத்தர்தான். அது என் கையால் வந்ததில்லை. தலைவர் வாயால் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் பேச்சை நிறுத்த மாட்டார். தெருவில் போகிறவர்களை எல்லாம் திரும்பித் திரும்பி விசாரிப்பார். கத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்கள் ஊரில் பேசுகிற ஆள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரைக் கேட்டு எழுதச் சொல்" என்றாராம்.

கடையே சிரித்தது. பாதி மழித்த முகத்தோடு நாற்காலிக்காரரும் சிரித்தார். அப்பா அவர் தலையைப் பிடித்து நேராக வைத்து, "ஆடாதய்யா, நீயும் கோணலாப் போயிடுவ" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கத்திக்கு லீவு. கடையில் உட்கார்ந்து பதில் எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் அவர் சொல்வதற்கு முன்பே கோவிந்தசாமி, பார்பர் என்று எழுதி, கீழே "எழுதியது அவர் மகன்" என்றும் எழுதினேன்.

"எழுது. பேசுற ஆளு வந்தா மூஞ்சில வெந்நித் துண்டப் போட்டுடணும். அஞ்சு நிமிஷம் சும்மா இருப்பாங்க. அதுக்குள்ள கோட்டப் போட்டுடணும். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்பா."

அப்பா மேலே மாட்டியிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையும் எழுது. அந்த வளைசல அங்க வெட்டுனவரு சரி பண்ணாம வுட்டது நல்லதாப் போச்சி. நேரா இருந்திருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."